பூஜ்யத்துக்கும் கலாமுக்கும் நடுவில்

கேள்வி இதுதான்: “ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ‘இந்திய விஞ்ஞானிகள்’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி. ஆரியபட்டர் பூஜ்யம் கண்டுபிடித்தார், புராண காலத்திலேயே விமானம் விட்டோம், அப்புறம் ராமானுஜன், ராமன், கலாம் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில்தான் பேசப்போகிறார்கள். இதில் எது உண்மை, எது சும்மா? வேறு யாரைப் பற்றியாவது பேசலாமா?”

முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். இந்த மாதிரிப் போட்டிகளுக்கு நடுவராகப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன வரிசை அப்படியே வரும். மூன்றாவது பிள்ளை ஏறும்போதே எனக்கு டீ வேண்டியிருக்கும். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் நீளமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விமானத்தைக் கழித்துவிடலாம். ‘வைமானிக சாஸ்திரம்’ என்று ஒரு நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பரத்வாஜ முனிவர் அருளியது என்பார்கள். 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதை எடுத்துப் படித்து, கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது, அதில் விவரித்திருக்கும் எந்த விமானமும் பறக்காது என்பது அவர்கள் முடிவு. விமானம் முடிந்தது.

பூஜ்யம் அப்படியில்லை. உண்மை இருக்கிறது, ஆளைத்தான் மாற்றிச் சொல்கிறோம். ஆரியபட்டர் 499-இல், தன் 23-வது வயதில், எழுதிய நூலில் பூஜ்யக் குறி என்று ஒன்று கிடையாது. எண்களின் இடமதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பூஜ்யத்தை மற்ற எண்களோடு உட்காரவைத்து அதற்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகள் எழுதியவர் பிரம்மகுப்தர். 628-இல், இன்றைய ராஜஸ்தானில் இருக்கும் பீன்மாலில். அவர் நேர் எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொன்னார். சொத்தும் அதே அளவு கடனும் சேர்ந்தால் பூஜ்யம். கடனையும் கடனையும் பெருக்கினால் சொத்து. ஏழாம் வகுப்பில் நம் பிள்ளைகள் தலையைச் சொறியும் விதிகள் இவை. அதே மனிதர் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதினார். அது தவறு. உங்கள் மகள் அந்தத் தவற்றையும் சேர்த்துச் சொல்லட்டும். நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் குவாலியர் கோட்டையில் ஒரு சிறிய கோயில் இருக்கிறது. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் கோயில் பூந்தோட்டத்தின் அளவு 270 முழம் என்றும், தினம் 50 மாலை என்றும் வெட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு சின்ன வட்டங்களும் இன்று நாம் எழுதும் பூஜ்யம்தான்.

எனக்கு இதில் கண்டுபிடித்த கதையைவிடக் கைமாறிய கதைதான் பிடிக்கும். பிரம்மகுப்தர் வழி வந்த வானியல் எட்டாம் நூற்றாண்டில் பாக்தாத் போய் அரபியில் இறங்கியது. அங்கே அல் குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் இந்திய எண்களைக் கொண்டு கணக்குப் போடும் முறையை ஒரு நூலாக எழுதினார். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது அவர் பெயரே சிதைந்து ‘அல்காரிதம்’ என்ற சொல்லாகிவிட்டது. முக்கோணவியலில் வரும் ‘சைன்’ இன்னும் வேடிக்கை. வில்லின் நாணுக்கு வடமொழியில் ஜ்யா, ஜீவா என்று பெயர். வட்டத்தின் ஒரு துண்டு வில் மாதிரி, அதன் இரு முனைகளை இணைக்கும் கோடு நாண் மாதிரி. ஆரியபட்டர் அந்த நாணில் பாதியை எடுத்து அட்டவணை போட்டார். அரபியில் அது ‘ஜிபா’ ஆனது. அரபியில் உயிர்க்குறிகளை எழுதாமல் விடுவது வழக்கம் என்பதால், பின்னால் வந்தவர்கள் அதை ‘ஜைப்’ என்று படித்தார்கள். சட்டை மடிப்பு, மார்பு என்று பொருள். லத்தீன்காரர்கள் அதையே பெயர்த்து ‘சைனஸ்’ என்றார்கள். நம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் வட்டத்தின் நாண் இன்றும் நாணாகவே இருக்கிறது.

இப்படிக் கைமாறாமல் போன ஒன்றும் உண்டு. அதைப் பற்றி யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடா பக்கம் என்று கருதப்படும் சங்கமகிராமத்தில் மாதவன் என்று ஒருவர் இருந்தார். காலம் ஏறக்குறைய 1340 முதல் 1425 வரை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்ற எண்ணுக்கு அவர் ஒரு தொடர் கண்டார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழி, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, ஏழில் ஒரு பங்கைக் கழி, இப்படியே முடிவில்லாமல் போ. வருவதை நான்கால் பெருக்கினால் பை. ஐரோப்பாவில் இது லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞரின் பெயரில் இருக்கிறது; அவர் கண்டது 1670-களில்.

தொடர் அழகுதான். ஆனால் மகா சோம்பேறி. ஆயிரம் உறுப்புகளைக் கூட்டிக் கழித்தாலும் 3.1406 என்று மூன்றாவது தசம இடத்திலேயே தப்பாக நிற்கும். ஓலையில் கணக்குப் போடும் ஆளுக்கு இது எதற்கு ஆகும்? இங்கேதான் மாதவன் வழியினரின் சாமர்த்தியம். ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டு, விட்டுப்போன மிச்சம் எவ்வளவு இருக்கும் என்பதற்குத் தனியாக ஒரு திருத்தம் போட்டார்கள். அந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிட்டால் சில பத்து உறுப்புகளிலேயே பல தசம இடங்கள் சரியாக வந்துவிடுகின்றன. கல்லூரியில் ஒருமுறை பிள்ளைகளைக் கணினியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். திருத்தம் இல்லாத பத்தியையும் திருத்தம் சேர்த்த பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த ஒரு பையன், “சார், இது ஏமாத்து வேலை மாதிரி இருக்கு” என்றான்.

மாதவன் சொன்னதாக ஒரு சுலோகம் இருக்கிறது. தேவர்கள், கண்கள், யானைகள், பாம்புகள், தீ, மூன்று, குணங்கள், வேதங்கள், நட்சத்திரங்கள், யானைகள், கைகள் என்று ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி போகும். அது முழுக்க எண். தேவர்கள் 33, கண்கள் 2, யானைகள் 8, பாம்புகள் 8, தீ 3, அப்புறம் 3, குணங்கள் 3, வேதங்கள் 4, நட்சத்திரங்கள் 27, யானைகள் 8, கைகள் 2. கடைசியிலிருந்து முதலுக்கு எழுதினால் 2827433388233. விட்டம் 900000000000 என்றால் சுற்றளவு இவ்வளவு என்கிறது சுலோகம். வகுத்துப் பாருங்கள், 3.14159265359. பதினொரு தசம இடம் சரி. கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. உங்கள் மகளை அவளாகவே செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

இது எதற்கு அவர்களுக்கு என்று கேட்கலாம். கிரகங்கள் நிற்கும் இடம், கிரகண நேரம், பஞ்சாங்கம். அதற்கு நல்ல சைன் அட்டவணை வேண்டும், அதற்கு வட்டத்தின் கணக்கு துல்லியமாக வேண்டும். மாதவனுக்குப் பின்னால் பரமேஸ்வரன், நீலகண்டன் என்று குரு சிஷ்யர்களாக இது சுமார் இருநூறு ஆண்டுகள் ஓடியது. 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவன் ‘யுக்திபாஷா’ என்ற நூலில் இவற்றுக்கெல்லாம் நிறுவல் எழுதினார், அதுவும் மலையாளத்தில். ஊர் மொழியில், உரைநடையில், ஏன் இப்படி வருகிறது என்று படிப்படியாக விளக்கும் கணித நூல். நம் மரபில் சூத்திரம் மட்டும்தான் உண்டு, நிறுவல் கிடையாது என்று சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

அத்தோடு அது அந்த ஊரிலேயே நின்றுவிட்டது. 1830-களில் மலபாரில் வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ் இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அப்போதும் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்தத் தொடர்கள் கேரளத்திலிருந்து பாதிரிமார் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்கு இதுவரை கையில் பிடிக்கக்கூடிய சான்று எதுவும் இல்லை. மாதவன் முந்தியவர், லைப்னிட்ஸ் தானாகக் கண்டவர் என்று சொல்வதில் மாதவனுக்கு ஒரு குறையும் வராது.

வாங்கியதையும் சொல்ல வேண்டும். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ஜான் வாரன் என்ற அதிகாரியின் முன்னால் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைச் சொல்லிக்கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்து இல்லை, காகிதம் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடம்தான் தள்ளியிருந்தது. நூற்றிச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் இந்த முறையை ஆராய்ந்து, இதன் வேர்கள் பழைய பாபிலோனியக் கணக்குமுறையில் இருக்கின்றன என்று காட்டினார். அங்கே களிமண் ஓடுகளில் புதைந்துபோன ஒன்று, இங்கே ஒரு மனிதரின் மனப்பாடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை உயிரோடு இருந்திருக்கிறது. அதைக் கேட்டு நாம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

சரி, புதிய காலத்துக்கு வருவோம். ராமானுஜனை எல்லோரும் பேசுவார்கள், விட்டுவிடலாம். ராமனைப் பேசுவதென்றால் நோபல் பரிசை ஒரு வரியில் முடித்துவிட்டு அவர் செய்த சோதனையைச் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. கல்கத்தா பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இருந்தது. நிதித்துறை அதிகாரியாக 1907-இல் அந்த ஊருக்குப் போன ராமன், அலுவலக நேரம் போக மற்ற நேரத்தை அங்கே கழித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சோதனை இதுதான். சூரிய ஒளியை ஊதா நிற வடிகட்டி வழியாக ஒரு திரவத்துக்குள் விடு. பார்க்கும் பக்கத்தில், அந்த ஊதாவை முழுக்க நிறுத்திவிடும் இன்னொரு வடிகட்டியை வை. இப்போது இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு ஒளிக்கீற்று தெரிந்தது. அப்படியென்றால் திரவத்துக்குள் போன ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளியே வருகிறது. மூலக்கூறு அதிர்வதற்கு ஒளியிலிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. மீதியோடு வரும் ஒளியின் நிறம் சற்று நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பது அந்த மூலக்கூறின் கைரேகை மாதிரி.

கூட நின்று இரவும் பகலும் பார்த்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். ‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச்சில் வந்த முதல் கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. பிப்ரவரி 28 நமக்குத் தேசிய அறிவியல் நாள். அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் இருவர் இதையே படிகத்தில் கண்டார்கள், அச்சில் ராமன் முந்திக்கொண்டார் என்பதும் வரலாறு. ராமனின் இன்னொரு பக்கமும் உண்டு. 1933-இல் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு வந்த கமலா சோஹோனியைப் பெண் என்பதற்காக வேண்டாம் என்றார். அவர் விடாமல் நின்று, நிபந்தனைகளோடு இடம் வாங்கி, பின்னால் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்பிள்ளை மேடையில் இதைச் சொன்னால் சபை கேட்கும்.

சத்யேந்திரநாத் போஸ், சந்திரசேகர் இருவரையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். இரண்டும் கடிதமும் கப்பலுமாக நல்ல கதைகள், ஆனால் ஒன்பதாம் வகுப்பு மேடையில் இயற்பியலை விளக்குவது சிரமம். போஸ் 1924-இல் டாக்காவிலிருந்து தன் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஒளித்துகள்கள் ஒன்றுபோல இருப்பவை, இது அது என்று பிரித்து எண்ணக்கூடாது என்ற எண்ணும் முறைதான் அதன் உயிர். ஐன்ஸ்டீன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக் கப்பலில் போட்ட கணக்கு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை உள்ள வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன், தாங்காது, நொறுங்கும் என்றது. 1935-இல் எடிங்டன் என்ற பெரிய ஆங்கிலேய வானியலாளர் அதைச் சபையிலேயே கிண்டல் செய்தார். நோபல் வந்தது 1983-இல். எடிங்டன் அன்று கை கொடுத்திருந்தால் கருந்துளை ஆராய்ச்சி முன்பே சூடு பிடித்திருக்கும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

இப்போது நம்மூர் விஷயம். கோயம்புத்தூரில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். ஏன் கோவை? அங்கே கரும்பு நன்றாகப் பூக்கும். பூத்தால்தான் ஒரு வகையை இன்னொரு வகையோடு கலந்து புது வகை உண்டாக்க முடியும். வட இந்தியாவில் கரும்பு பெரும்பாலும் பூத்து விதை தராது. அங்கே விளைந்தது ஒல்லியான, சாறு குறைந்த கரும்பு. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற நம் தடித்த இனிப்புக் கரும்பை, வாய்க்கால் ஓரம் நாணல் மாதிரிக் காடாக வளரும் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். ஒன்றில் சர்க்கரை, இன்னொன்றில் முரட்டு உடம்பு. 1918-இல் வந்த கோ 205 அப்படிப் பிறந்தது. அதன் பின் வந்த ‘கோ’ வகைகள் பஞ்சாபிலிருந்து தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் லூசியானா வரை போயின. அந்தக் ‘கோ’ என்பது கோயம்புத்தூர்தான். பொங்கலுக்கு வாங்கும் கரும்பு வேறு ரகம், ஆனால் காலை டீயில் போடும் சர்க்கரையில் இந்தச் சேர்க்கையின் பங்கு இருக்கிறது. அதே நிலையத்தில் 1930-களில் வேலை பார்த்தவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர். பின்னால் இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களுக்கு ஒரு பெரிய தொகுப்பே எழுதினார், 1945-இல் வெளிவந்தது.

சென்னையில் இன்னொருவர், ஜி. என். ராமச்சந்திரன். எனக்கு இவர்மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1952-இல் முப்பது வயதுக்குள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால் என்ற விஞ்ஞானி, கொல்லாஜென் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொல்லாஜென் நம் தோலில், எலும்பில், தசைநாணில் இருப்பது. உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதமே அதுதான். சென்னையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாகப் போயிற்று. தோல் என்றாலே கொல்லாஜென்தானே.

எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-இல் ஒரு விடை சொன்னார்கள்: மூன்று இழைகள், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, சடை பின்னியது மாதிரி. புரத இழை என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி; ஒவ்வொரு இழையிலும் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று கிளைசின். ஏன் கிளைசின்? அந்த மூன்றாவது இடம் சடையின் நடுவே உள்பக்கம் வருகிறது, அங்கே மிகச் சிறியதான கிளைசினைத் தவிர எதற்கும் இடம் இல்லை. பிறகு கிரிக்கும் ரிச்சும், அதாவது டிஎன்ஏ புகழ் கிரிக், அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்று குறை சொல்லித் தங்கள் அமைப்பை வெளியிட்டார்கள். விவரங்களில் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, சடை என்ற அடிப்படை நின்றது.

நெருக்கம் என்று சொன்னார்கள் அல்லவா, அது ராமச்சந்திரனுக்கு உறைத்தது. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? தெரிந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. ஒன்றைக் கிடையிலும் மற்றொன்றை நெடுக்கிலும் வைத்து, எந்தெந்தச் சேர்க்கையில் அணுக்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கும் என்று ஒரு வரைபடம் போட்டார். கூட வேலை பார்த்தவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன். கணினி வசதி இல்லாத நாள். மேசைக் கணக்குப்பொறியைச் சுற்றிச் சுற்றிப் போட்ட கணக்கு. 1963-இல் வெளிவந்தது. வரைபடத்தின் பெரும்பகுதி காலி. சில தீவுகளில் மட்டும்தான் புரதம் இருக்க முடியும். இன்று உலகில் எங்கே யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று பார்க்க ‘ராமச்சந்திரன் வரைபடத்தில்’ போட்டுப் பார்ப்பார்கள். புள்ளிகள் தீவுக்கு வெளியே அதிகம் விழுந்தால் எங்கோ தப்பு. கிண்டியில் போட்ட கணக்கு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது, அது வேறு விஷயம். 1971-இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணத்தில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டும் ஒரு கணக்குமுறையையும் தந்தார். சிடி ஸ்கேன் கணக்குகளில் அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்து ‘ராம்-லாக்’ என்று இன்னும் சொல்கிறார்கள்.

எல்லப்பிரகட சுப்பாராவைப் பற்றி ஆந்திரக்காரர்கள் நிறையப் பேசுகிறார்கள், நாம் பேசுவதில்லை. பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர், படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் அணிந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் ஒரு படி கீழான சான்றிதழ்தான் கிடைத்தது. அமெரிக்கா போய் ஹார்வர்டில், இரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் அளக்கும் முறையை ஃபிஸ்க்கோடு சேர்ந்து உருவாக்கினார். பிறகு லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர். ஃபோலிக் அமிலம், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு முதன்முதலில் பலன் தந்த அமினோப்டெரின், யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரை என்று அவர் குழுவின் கையிலிருந்து வந்தவை ஒரு நீள வரிசை. 53 வயதில் 1948-இல் இறந்தார். யானைக்கால் மாத்திரை கொடுக்க சுகாதாரப் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கண் முன்னால் விழுங்கச் சொன்ன நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். அது இவருடையது.

கடைசியாக, உங்கள் மகளுக்கு நான் சிபாரிசு செய்யும் ஆள்: சம்புநாத் டே. வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டக்காரர், 1915-இல் பிறந்தவர், கல்கத்தாவில் நோய்க்கூறியல் மருத்துவர். காலரா கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவுக்கே வந்து உறுதிசெய்தார். கிருமி ஒரு நஞ்சை விடுகிறது என்றும் ஊகித்தார். எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த நஞ்சு யார் கையிலும் சிக்கவில்லை. கிருமியை விலங்குகளின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், வயிற்றறையில் ஏற்றிப் பார்த்தார்கள். டே யோசித்தது எளிமையான ஒன்று. வயிற்றுப்போக்கு நடப்பது குடலில். அப்படியென்றால் குடலுக்குள்தானே பார்க்க வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் தண்ணீர் நிறைந்து பலூன் மாதிரி வீங்கியிருந்தது. இது 1953. பிறகு கிருமிகளையே வடிகட்டி எடுத்துவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் வீங்கியது. நஞ்சு இருக்கிறது, கிருமியை விட்டுத் தனியாக நின்று வேலை செய்கிறது என்று 1959-இல் ‘நேச்சரில்’ எழுதினார்.

இதன் பலன் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். காலரா நோயாளியின் குடல் அழிந்துபோவதில்லை; நீரைக் கொட்டுகிறது, அவ்வளவுதான். உறிஞ்சும் சக்தி அதற்கு இன்னும் இருக்கிறது. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும் என்பது 1960-களில் தெளிவானது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவர்கள் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1971-இல் வங்கதேசப் போர். லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தில் எல்லையோர ஊரான பங்காவின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் படுத்திருக்க, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே இருந்தது. அங்கே இருந்தவர் திலீப் மகலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பெரிய டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளியின் அம்மா, அண்ணன், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களையே குவளையால் புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு, அவர் பார்வையில் இருந்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது.

டேக்கு உயிரோடு இருந்தபோது நாட்டில் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. வெளியில்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள்: ஜோஷுவா லெடர்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார், 1978-இல் நோபல் அறக்கட்டளை நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். 1985-இல் காலமானார். மகலநாபிஸ் 2022-இல் இறந்தார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டு அறிவித்தார்கள்.

போட்டியன்று காலையில் மருந்துக்கடையில் ஒரு ஓஆர்எஸ், அதாவது அதே உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான பொடி, பொட்டலம் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். ஒரு லிட்டர் பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்கும். பங்காவ் கரைசலுக்குப் பின்னால் திருத்தி அமைத்த அளவு இது. அவள் மேடையேறி, பெயர் எதுவும் சொல்லாமல், முதலில் அதைப் படிக்கட்டும். முயலில் ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்துக்குள் பங்காவுக்கு வந்துவிடலாம்.